ஏழாவது கேள்விக்குச் சரியான விடை

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

மாடியறை மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு, அதாவது பதினான்கு படிகளுக்குக் கீழே, நீங்கள் நலமா என்று கேட்கும் தகுதியை நேற்று மாலை ஆறரை மணிக்கு இழந்தேன். நேரில் வரத் தைரியமில்லை. இதைக் கதவடியில் தள்ளுகிறேன்.

இணையத்தில் நண்பர்களுக்கென்று ஒரு வினாடி வினாப் பக்கம் இருக்கிறது. எல்லோருக்கும் புனைபெயர். சனிக்கிழமைதோறும் பத்துக் கேள்வி போடும் வினாவேந்தன் நான்தான். ஆமாம், பெயர் நானே வைத்துக்கொண்டது. முதலில் தலைநகரங்கள் கேட்டேன், எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சொல் கண்டுபிடிக்கச் சொன்னேன், எல்லாவற்றையும் அரை நிமிடத்தில் தேடி எடுத்துவிட்டார்கள். "தேடினாலும் கிடைக்காத மாதிரி ஒண்ணு கேளுடா, பார்ப்போம்" என்றான் பட்டாணி. தேடினாலும் கிடைக்காதது என்று என்னிடம் இருந்தது நீங்கள் மட்டும்தான்.

தலைப்பு: 'ஓர் அத்தை.' கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அத்தை இதுவரை எத்தனை மூக்குக்கண்ணாடி தொலைத்திருக்கிறார்? டிவியில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னதும் அத்தை என்ன செய்வார்? எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழாவது: வேலை முடிந்து வந்ததும், துணியே இல்லாமல், அரை மணி நேரம் தையல் மெஷினை ஓட்டுவது ஏன்?

என் விடை: மாடியில் இருப்பவன் நிம்மதியாக இருந்துவிடக் கூடாதென்று.

பட்டாணி உங்கள் கடைக்குக் கண்ணாடி வாங்க வந்ததும், "நல்லா பொழுது போகும், சேர்ந்துக்குங்க ஆன்ட்டி" என்று உங்களையும் பக்கத்தில் சேர்த்துவிட்டதும் எனக்குத் தெரியாது. 'வால்நட்சத்திரம்' என்று யாரோ புதிதாக வந்திருப்பது மட்டும் தெரியும். வால்நட்சத்திரம் ஏழாவதுக்கு எழுதியது: "அழற சத்தம் மேல கேக்கக் கூடாதுன்னு."

'தவறு' என்று போட்டேன். கீழே உங்கள் போன் டிங் என்றது. ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். டிங். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இன்னொரு சிரிப்புப் பொம்மை போட்டேன். அத்தை, அந்த ஒன்றைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

டிங்.

பிறகு தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது.

மாமா போய் ரெண்டு வருஷமாச்சு. அத்தை தேறிட்டாங்கன்னு பார்க்கிறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் நான். அந்தச் சத்தம் கேட்டா தலையணையை எடுத்துக் காதுல அமுக்கிக்குவேன். நீங்க நாலு வார்த்தை திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். இன்னைக்குக் காலையிலயும் டீ மூணாவது படியில இருந்துச்சு. சர்க்கரை சரியா இருந்துச்சு. அதைத்தான் தாங்க முடியல.

பக்கத்தை அழித்துவிடுகிறேன். இனி யாரைப் பற்றியும் கேள்வி கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும், உங்களிடம்: சாயங்காலம் மெஷின் ஓடினால் நான் கீழே வரலாமா?

தங்கள் ஆசியைக் கேட்க வாய் வராத,
மாடியறை மருமகன்

பி.கு.: பக்கத்தை இன்னும் அழிக்கவில்லை. ஏழாவதுக்கு உங்களுக்கு முழு மதிப்பெண், எனக்குப் பூஜ்யம் என்று திருத்திப் போட்டிருக்கிறேன். ஆனால் தொலைத்த கண்ணாடி நாலு என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மதிப்பெண் தர வழியே இல்லை. பதினொன்று. பதினொன்றாவது என் ஜன்னலோரம்தான் இருக்கிறது, வரும்போது கொண்டுவருகிறேன். நடுவர் தீர்ப்பே இறுதியானது.