ஒரே ஒரு கல்லூரிக்கு மனுப்போட்ட ஏர்மெயில்

காரைக்கால் தபால் நிலையத்துக்கு அமெரிக்காவிலிருந்து வந்த கனமான உறைகளில் முக்கால்வாசி ஒரே ஆளுக்கு வந்தவை. நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள் எங்கள் தெருத் தபால்காரரைக் கேட்டிருக்க வேண்டும். தன் சைக்கிள் கேரியர் ஒடிந்ததே அவனால்தான் என்று ஓய்வு பெறும்வரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஏர்மெயில். எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் அவனும் பிளஸ் டூ படித்தோம். பள்ளிக்கும் கல்லூரிக்கும் பொதுவான மாணவர் விடுதியில் ஒரே அறை. நான் நன்னிலம் பக்கத்திலிருந்து வந்தவன், எனக்கு விடுதி தேவை. அவனுக்கோ ஊர் குரும்பகரம். சைக்கிளை மிதித்தால் வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். எதற்கு விடுதி என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல தபால் ஒருவேளதான்டா. இங்க ரெண்டு வேள" என்றான்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்காலில் வெளிநாடு என்றால் பிரான்ஸ். தெருவுக்கு நாலு பேர் அங்கே இருந்தார்கள். இவன் மட்டும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு எழுதி, அவர்கள் இலவசமாக அனுப்பும் விவரப் புத்தகங்களை வரவழைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வந்தன. வைக்க இடமில்லாமல் கட்டிலின் நாலு காலுக்கும் அடியில் அடுக்கினான். கட்டில் உயர்ந்து உயர்ந்து, கடைசியில் அவன் என் மேசைமேல் ஏறித்தான் படுக்கப் போவான். வார்டன் ஒரு முறை சோதனைக்கு வந்து, மின்விசிறிக்குப் பக்கத்தில் தூங்குகிறவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

ஒரு நாள் மத்தியானம் அந்த உயரத்திலிருந்து குதித்தான்.

"எர்லி டிசிஷன்னு ஒண்ணு இருக்குடா. ஒரே ஒரு காலேஜுக்குத்தான் போடணும், நவம்பருக்குள்ள. டிசம்பர்லயே பதில் சொல்லிடுவாங்க. எடுத்துக்கிட்டா கண்டிப்பா போயே ஆவணும். வேற எங்கயும் போவக்கூடாது."

"எடுத்துக்கலன்னா?"

"மத்த காலேஜுக்கெல்லாம் அப்பறம் போடலாம்."

"அப்ப எல்லாத்துக்கும் அப்பறமே போட்டுக்கலாமேடா."

"எனக்கு நீதான் முக்கியம்னு முப்பத்தெட்டு பேருக்கும் எழுத வெக்கமா இருக்குடா."

எங்களிடம் இல்லாத ஒரு குணம் அவனுக்கு இருக்கிறதோ என்று அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சந்தேகப்பட்டேன்.

எந்த ஒன்று என்பதுதான் கேள்வி. வெளிநாட்டுப் பையனின் செலவைத் தானே ஏற்கும் கல்லூரிகளை மட்டும் பொறுக்கியதில் முப்பத்தெட்டு ஒன்பதாயிற்று. அந்த ஒன்பதுக்கும் ஒரே கேள்வியை எழுதிப் போட்டான். 'உங்கள் விடுதியில் சோறு உண்டா? உண்டென்றால் புழுங்கலா, பச்சையா?'

எட்டு கல்லூரிகள் மறுபடியும் அதே விவரப் புத்தகத்தை அனுப்பின. தபால்காரர் முகத்தில் அந்த வாரம் எள்ளும் கொள்ளும் வெடித்தன. ஒன்பதாவது, பனி கொட்டும் ஒரு மலையூரில் இருந்த சின்னக் கல்லூரி. அங்கே சமையலறையை மேற்பார்வை செய்யும் அம்மாள் கைப்பட எழுதியிருந்தார். செவ்வாயும் வெள்ளியும் சோறு உண்டு. புழுங்கல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. நாலு அரிசியை இத்துடன் ஒட்டியிருக்கிறேன், நீயே பார்த்துச் சொல்.

உண்மையாகவே காகிதத்தில் நாலு அரிசி ஒட்டியிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் குரும்பகரம் பறந்தான். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவன் அப்பா அப்போதுதான் வயலிலிருந்து கரையேறியிருந்தார். ஒரு அரிசியைப் பிய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடித்தார்.

"பச்சரிசி. ஒரு வருஷத்துக்கு மேல பழசு. யாரு குடுத்தா?"

"அமெரிக்காவுலேர்ந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்கப்பா."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இன்னொரு அரிசியையும் கடித்துவிட்டு, "கஞ்சிக்கு ஆவாது" என்றார்.

எங்கள் ஆங்கில ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். "இருக்கறது ஒரு சான்ஸ். பேர் பெத்த காலேஜா பாத்துப் போடுறா. சோத்தப் பாத்தா போடுவாங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னது அவங்க மட்டும்தான் சார்" என்றான் ஏர்மெயில். "நாளைக்கு அங்க போய் ஒடம்பு கிடம்பு சரியில்லன்னா யாரு வந்து எட்டிப் பாப்பாங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

ஆசிரியர் பேனாவைத் திறந்தார். பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த தடை அவன் அம்மா. சனி பகவானிடம் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது என்றார். மூன்று கல்லூரிகளின் பெயரை மூன்று சீட்டில் எழுதி, திருநள்ளாறு சந்நிதியில் வைத்து ஒன்றை எடுப்பதாக ஏற்பாடு. சீட்டு எழுதியது ஏர்மெயில். மூன்றிலும் ஒரே பெயரைத்தான் எழுதியிருந்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் எடுத்த சீட்டைத் தூணோரம் நின்ற ஒரு ரிடையர்டு குமாஸ்தாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவர் படித்தார். அம்மாவுக்குத் திருப்தி. திருப்தியோடு நிறுத்தியிருக்கலாம்.

"மத்த ரெண்டுல என்ன இருக்குன்னு அதையும் படிங்க. சாமி எதையெல்லாம் வேணாங்குதுன்னு தெரிஞ்சிக்கறேன்."

குமாஸ்தா கையை நீட்டினார். ஏர்மெயில் இரண்டு சீட்டையும் எடுத்தான், கண்ணில் ஒற்றிக்கொண்டான், வாயில் போட்டு விழுங்கினான்.

"ஏன்டா முழுங்குன?" என்றார் அம்மா.

"சாமிகிட்ட வச்சது காலுல கீலுல பட்டுறக் கூடாதும்மா" என்றான் கண்ணில் நீரோடு. நீர் பக்தியால் வந்ததென்று அவர் நம்பினார். மை நல்ல மை போலிருக்கிறது. ஊர் திரும்பும் வழியெல்லாம் அவன் நாக்கு ஊதாவாகவே இருந்தது.

கடைசித் தடை கையெழுத்து. சேர்த்துக்கொண்டால் கட்டாயம் வருவேன் என்று பையனும் தகப்பனாரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். அவன் அப்பா ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டு முறை கேட்டார்.

"சரி. நாம போடுறம். அவங்க கையெழுத்து எங்க?"

"அவங்க போட மாட்டாங்கப்பா."

"நாம மட்டும் கட்டுப்படணும், அவங்க சும்மா இருப்பாங்களா?"

ஏர்மெயில் என்னைப் பார்த்தான். முப்பத்தெட்டு புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. அப்பா காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் விடுதிக்கே வந்து, என் மேசையில் வைத்து, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். "நீ கேட்டதுக்கு அந்தம்மா அரிசி அனுப்பிச்சில்ல" என்றார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காரைக்காலில் தபால் பை இரண்டு நாளாக நகரவில்லை என்று கேள்விப்பட்டதும், விண்ணப்பத்தை யூரியா சாக்கில் சுற்றிக்கொண்டு மாயவரம் ரயில் நிலையத்துத் தபால் பிரிப்பகத்துக்கே என்னை இழுத்துக்கொண்டு போனான். பாதித் தூரம் பஸ், பாதித் தூரம் முட்டளவு தண்ணீர். உறையை வாங்கிக்கொண்ட ஊழியர், "போவும் தம்பி, நீங்க வீட்டுக்குப் போங்க" என்று நாலு முறை சொல்லிப் பார்த்தார். பை ரயிலில் ஏறி, ரயில் கண்ணுக்கு மறையும்வரை அவன் நகரவில்லை. எனக்கு ஒரு வாரம் ஜுரம்.

டிசம்பர் முடிந்து பொங்கலுக்கு முன் பதில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள், முழுச் செலவோடு. தபால்காரர் உறையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். படித்துச் சொன்னதும், "அப்ப இனிமே புஸ்தகம் வராதுல்ல?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஏர்மெயிலுக்கு ஒரு தாய்மாமன் இருந்தார். அவர் அவனுக்கே தெரியாமல் மருத்துவக் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் போட்டிருந்தார். அவன் கையெழுத்தையும் அவரே போட்டிருந்தார். பரீட்சை முடிவு வந்த சில வாரங்களில் டாக்டர் படிப்புக்கு இடம் வந்து நின்றது. குரும்பகரத்திலிருந்து அதுவரை ஒருவருக்கும் கிடைத்ததில்லை. வாழ்த்துச் சொல்லக் கோட்டுச்சேரியிலிருந்தெல்லாம் ஆள் வந்தது.

ஏர்மெயில் கூடத்தில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தான்.

"கையெழுத்துப் போட்டுட்டேன் மாமா" என்றான்.

"அது வெறும் காயிதம்டா. அமெரிக்காக்காரன் குரும்பகரத்துக்கு வந்தா கேக்கப்போறான்?" என்றார் மாமா.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் துண்டால் முதுகைத் துடைத்துக்கொண்டார்.

"வர மாட்டான்" என்றார். "வந்து கேப்பான்னா பயந்துகிட்டுப் போவலாம். வர மாட்டான்னு தெரிஞ்சும் போனாத்தான் நாம போட்டது கையெழுத்து." பிறகு குரல் இறங்கிற்று. "எனக்கும் அனுப்ப மனசில்ல மாப்ள. இங்கயே டாக்டரா இருந்தா எனக்குத்தான் நல்லது. ஆனா நானும்ல போட்டிருக்கேன்."

அம்மா அழுதார். மாமா மூன்று மாதம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆவணி பிறக்கும் முன்னே அவன் கிளம்பினான். பஸ் நிலையத்தில் என்னிடம் ஒழுங்காக நாலு வார்த்தை பேசவில்லை. அட்லஸில் பார்த்த ஒரு ஏரியின் ஆழத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே படியேறிவிட்டான்.

நான் காரைக்காலிலேயே கல்லூரியில் சேர்ந்து அதே அறையில் இருந்தேன். அவன் இடத்துக்கு ஒரு பையனைப் போட்டார்கள். தங்கமான பையன். குறட்டை கிடையாது, வேளைக்குப் படிப்பான், என் பொருளைத் தொடமாட்டான், படுக்க என் மேசைமேல் ஏறமாட்டான். ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் வார்டனிடம் போய், எனக்கு வேறு அறை கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.