க்ளைட் கை தட்டிய பந்து

கை தட்டியிருக்கக் கூடாது என்பது, தட்டி முடித்த பிறகுதான் க்ளைட்டுக்குத் தெரிந்தது.

மைதானத்தின் நடுவில் நின்று பந்து வீசிக்கொண்டிருந்த கோல்பி திரும்பி அவரைப் பார்த்தான். உதட்டை இறுக்கிக்கொண்டு, கண் இமைக்காமல் ஒரு பார்வை. பிறகு தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிவிட்டான். பார்வையாளர்கள் உட்காரும் காலிப் பலகைகளுக்கு நடுவே தன்னந்தனியாக உட்கார்ந்திருந்த க்ளைட், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டார்.

அவர் என்ன செய்வார், பாவம். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். பேஸ்பால் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்று கிடக்கிற ஐயோவா மாநிலத்தில் பிறந்து, ஐம்பது வயதுவரை ஒரு ஆட்டம்கூடப் பார்க்காமல் தப்பித்தவர். மஞ்சள் சட்டைப் பையன் ஒருவன் அலுமினிய மட்டையை வீசினான். டிங் என்று ஒரு சத்தம். பிசிறே இல்லாத சத்தம். பந்து எங்கே போனது என்று அவர் பார்க்கவே இல்லை. பையன் ஓடினான், புழுதி கிளம்பியது, கை தானாகத் தட்டிவிட்டது. கோல்பி போட்டிருப்பது வெள்ளைச் சட்டை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

கோல்பி, மார்லாவின் மகன். மார்லாவை க்ளைட் கல்யாணம் செய்துகொண்டது போன மழைக்காலத்தில். அன்றிலிருந்து அந்தப் பதினேழு வயதுப் பையன் அவரிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். அப்பா என்று கூப்பிட வேண்டாம், அந்தப் பேராசை அவருக்கு இல்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். அதுகூடக் கிடையாது. "அவர் வராரா?", "அவர்கிட்ட சாவி இருக்கா?" என்று அம்மாவிடம்தான் கேட்பான், அதுவும் அவர் எதிரிலேயே.

"இன்னிக்கு எனக்கு ஆஸ்பத்திரியில ஷிஃப்ட். நீங்க போங்க," என்று மார்லா சொல்லியிருந்தாள். "ஆட்டம் முடிஞ்சதும் அவனை உங்க வண்டியில கூட்டிட்டு வாங்க. வழியெல்லாம் பேச ஒரு விஷயம் கிடைக்கும்."

கிடைத்த விஷயம் இதுதான்.

மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஆனால் தப்பு எத்தனை பெரியது என்று தெரிய வேண்டாமா? சின்னத் தப்புக்குப் பெரிய மன்னிப்புக் கேட்டால் விடலைப் பையன்களுக்குப் பிடிக்காது. விவரம் தெரிந்த யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், கேட்க ஆளில்லை. ஊர் ஜனம், எதிரணியின் ஜனம், ஒலிபெருக்கியில் பேசுகிறவர் எல்லாரும் லெவல் கிராசிங்கில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மக்காச்சோளம் ஏற்றிய சரக்கு ரயில் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. நடுவர் வெளியூர்க்காரர். கடிகாரத்தைப் பார்த்தார், ஆரம்பித்துவிட்டார்.

முதல் இன்னிங்ஸில் மஞ்சள் சட்டைகள் ஆடி முடித்து உள்ளே போன பிறகுதான் கூட்டம் வந்து சேர்ந்தது. முன்னால் ஓடி வந்தவர் இரும்புக்கடை டுவைட். வருஷக்கணக்காகத் துவைக்காத அதிர்ஷ்டத் தொப்பி, அதே மூன்றாவது பலகை, அதே ஓரம்.

"என்னங்க, ஆரம்பிச்சுட்டாங்களா? ஏதாவது நடந்துச்சா?"

தான் கை தட்டிய கதையை எடுத்த எடுப்பிலேயே சொல்ல க்ளைட்டுக்கு வாய் வரவில்லை.

"ஒண்ணும் நடக்கலையே," என்றார்.

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே."

டுவைட் எதிரே இருந்த ஸ்கோர் பலகையைப் பார்த்தார். ஓட்டங்களைத் தவிர வேறு எதையும் காட்டத் தெரியாத கிழட்டுப் பலகை. மஞ்சள் அணிக்கு நேராக ஒரு முட்டை. "நல்லது," என்று உட்கார்ந்தார்.

ஆட்டம் போகப் போக ஒரு விசித்திரம் நடந்தது. கோல்பி நன்றாகப் போடுகிறான் என்று க்ளைட்டுக்கே தெரிந்தது. மஞ்சள் சட்டைகள் ஒவ்வொருவராக வந்தார்கள், காற்றை வெட்டினார்கள், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். ஆனால் ஊர் ஜனம் கத்துவதற்குப் பதிலாக வர வர அடங்கிக்கொண்டே வந்தது. நாலாவது இன்னிங்ஸில் எழவு வீடு தேவலை என்று ஆகிவிட்டது.

பக்கத்தில் தபால் ஆபீஸ் பெர்னிஸ். ஊரில் யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்று கேட்காமலே சொல்கிற அம்மாள். அவளே வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க பெர்னிஸ், ஒரு சந்தேகம்," என்று க்ளைட் மெல்ல ஆரம்பித்தார். "ஏன் எல்லாரும் அமைதியா இருக்கீங்க?"

"யாரு அமைதியா இருக்கா?"

"அதில்ல, ஆரம்பத்துல ஒரு மஞ்சச் சட்டைப் பையன்..."

"விதை சாப்பிடுங்க."

"இல்லைங்க, ஒரு டிங் சத்தம்..."

"சாப்பிடுங்கன்னா சாப்பிடுங்க." பெர்னிஸ் ஒரு கை சூரியகாந்தி விதையை அள்ளி அவர் வாயில் திணிக்காத குறையாகக் கொடுத்தாள்.

தோலைத் துப்ப வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மென்று விழுங்கினார். தொண்டையில் துடைப்பம் நுழைந்தது போல் இருந்தது. இருமிக்கொண்டே எழுந்துபோய், தனக்கும் பெர்னிஸுக்குமாக இரண்டு கோப்பை எலுமிச்சை சாறு வாங்கினார். திரும்பும் வழியில் குப்பைத் தொட்டியருகே வந்தபோது கூட்டம் ஒரே குரலில் "ஆ" என்றது. வேலிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டைப் பையன் குட்டிக்கரணம் அடித்து, பந்தைக் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

இடத்துக்கு வந்தால் டுவைட் குறுக்கே கையை நீட்டினார். தொப்பி இப்போது பின்பக்கம் முன்னாக இருந்தது.

"அவன் பிடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"குப்பைத் தொட்டி பக்கத்துல."

"போங்க. அங்கயே போய் நில்லுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னு சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதா, தெரியாதா?"

"சொன்னா போயிடும்யா."

"எது போயிடும்?"

டுவைட் கண்ணை மூடிக்கொண்டார். "இந்த ஆளை யாராவது கூட்டிட்டுப் போங்கப்பா."

"சாறைக் குடிச்சுடாதீங்க," என்று பெர்னிஸ் பின்னாலிருந்து சொன்னாள். "எந்தக் கையில எது இருந்துச்சோ, அப்படியே இருக்கட்டும்."

க்ளைட் போய் நின்றார். வேறென்ன செய்வது, ஊரோடு ஒத்து வாழ் என்றுதானே சொல்லியிருக்கிறார்கள். தொட்டியைச் சுற்றி இருந்த குளவிகள் எல்லாம் சாற்றின் வாசனைக்கு அவர் பக்கம் வந்துவிட்டன. ஒரு குளவி மணிக்கட்டில் உட்கார்ந்தது. விரட்டக் கை இல்லை. திரும்பிப் பார்த்தால் டுவைட் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்.

நின்ற இடத்திலிருந்து வெள்ளைச் சட்டைப் பையன்கள் உட்காரும் கொட்டகை நன்றாகத் தெரிந்தது. கோல்பி ஒரு தோழன் முதுகில் தட்டி ஏதோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள்.

"அங்க பாருங்க, அவன்கிட்ட பேசுறாங்க," என்று பெர்னிஸ் நெஞ்சில் கை வைத்தாள். "இந்த நேரத்துல யாராவது அவன்கிட்ட பேசுவாங்களா?"

"அவனே பேசுறானே, அதைச் சொல்லு," என்றார் டுவைட். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு பயபக்தியே கிடையாது."

கோல்பியிடம் பேசக் கூடாதா? க்ளைட்டுக்கு மண்டை காய்ந்தது. அவரிடம் பேசாதவன் கோல்பி. கோல்பியிடம் பேசக் கூடாதவர்கள் தோழர்கள். யாரிடமும் எதுவும் பேசக் கூடாதது ஊர். இது என்ன ஆட்டமா, மௌன விரதமா?

ஒரு கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மார்லாவுக்குப் போன் போட்டார்.

"எப்படி ஆடறான்?" என்றாள் எடுத்த உடனே.

"தெரியல மார்லா. இங்க யாரும் பேச மாட்டேங்கறாங்க. என்னைக் குப்பைத் தொட்டி பக்கத்துல நிக்க வெச்சிருக்காங்க."

மறுமுனையில் ஏதோ தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"இருக்கியா?"

"டுவைட் தொப்பியைத் திருப்பி வெச்சிருக்காரா?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

"க்ளைட், நல்லாக் கேளுங்க. அங்கயே நில்லுங்க. அசையாதீங்க. யார்கிட்டயும் ஒண்ணும் கேக்காதீங்க."

"ஏன்னு நீயாவது சொல்லித் தொலையேன்."

"நான் உங்ககிட்ட பேசவே இல்ல," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் க்ளைட்டுக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதாக நினைத்தார். கை தட்டிய விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. யாரோ பற்றவைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிவரை போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றுவது மாதிரி, சொந்த மகனுக்கு எதிராகக் கை தட்டினவனை இந்த ஊரில் குப்பைத் தொட்டி ஓரம் நிற்க வைக்கிறார்கள்.

வேறு வழியில்லாமல் ஆட்டத்தைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு ஒன்று பிடிபட்டது. கோல்பி பந்தை வீசுவதற்குமுன் காலைத் தூக்கி ஒரு கணம் அப்படியே நிற்கிறான். பெரிய வித்வான்கள் பியானோக் கட்டையைத் தொடுவதற்குமுன் கையை மேலே நிறுத்துவார்களே, அந்த நிறுத்தம். அதற்கப்புறம் பந்து வருவது கண்ணுக்கே தெரியவில்லை. இந்தப் பையன் இத்தனை அழகாகப் போடுகிறானே, இவனுக்கு எதிராகவா தட்டினோம் என்று நினைத்தபோது க்ளைட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நாள் முழுக்க அவன் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

அது கடைசி இன்னிங்ஸ். வெள்ளை அணி இரண்டு ஓட்டம், மஞ்சள் அணி முட்டை. இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன்தான் பாக்கி. கூட்டம் மூச்சுவிடவில்லை. க்ளைட்டுக்கு இனிமேல் தாங்காது. இரண்டு கோப்பைகளையும் ஏந்திக்கொண்டு நேராகப் பலகை வரிசைக்கு நடந்தார்.

"வராதீங்க," என்றார் டுவைட் கீச்சுக் குரலில். "தொட்டிக்குப் போங்க."

"என்னைப் பேச விடுங்க. எல்லாரும் மன்னிச்சுக்கணும். கோல்பி பந்தை அந்தப் பையன் அடிச்சப்ப நான்..."

"அடிச்ச" என்ற வார்த்தைக்கே பெர்னிஸ் வீறிட்டாள். டுவைட் அவர் வாயைப் பொத்தப் பாய்ந்தார்.

டிங்.

அதே சத்தம். அதே சுத்தம். பிசிறில்லை. பந்து எல்லார் தலைக்கும் மேலே போய்ப் புல்லில் விழுந்து உருண்டது. ஊரே "ஐயோ" என்றது. க்ளைட்டின் கைகளோ பாழாய்ப்போன பழக்கத்தில் தட்டுவதற்குத் தாமாக எழும்பிவிட்டன. இரண்டு கோப்பைச் சாறும் டுவைட்டின் தொப்பி மேல் கவிழ்ந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அந்தத் தொப்பி குளித்தது.

அடுத்து வந்தவன் அவுட். வெள்ளை அணி ஜெயித்தது. ஒருவரும் துள்ளவில்லை.

"இப்பவாவது சொல்லுங்களேன்," என்றார் க்ளைட்.

"இனிமே சொன்னா என்ன, சொல்லலைன்னா என்ன," என்றாள் பெர்னிஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எதிரணியில ஒருத்தனுக்குக்கூட ஒரு அடி கொடுக்காம ஆட்டம் முழுக்கப் போடறது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? எங்கப்பா காலத்துல இந்த ஊர்ல ஒரு தடவை நடந்துச்சு. நடந்துட்டிருக்கும்போது அதைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா கண்ணு பட்ட மாதிரி. நீங்க திறந்துட்டீங்க."

"ஒரே ஒருத்தன்யா," என்றார் டுவைட் தொப்பியைப் பிழிந்துகொண்டே. "ஒரே ஒருத்தன்தான் பாக்கி இருந்தான். அதுக்குள்ள உங்களுக்கு என்ன அவசரம்?"

க்ளைட் வண்டியிடம் போய் நின்றார். கை தட்டியதற்கே மன்னிப்பு இல்லை. இப்போது பையனின் வாழ்நாள் பேரையே கெடுத்தாயிற்று. இனிமேல் "அவர் வராரா" என்றுகூடக் கேட்க மாட்டான். டுவைட்டும் பெர்னிஸும் விடாமல் பின்னாலேயே வந்துவிட்டார்கள். கோல்பியிடம் அவர்களே சொல்லப் போகிறார்களாம்.

கோல்பி பையைத் தோளில் போட்டுக்கொண்டு விசிலடித்தபடி வந்தான்.

"தம்பி, நானே சொல்லிடறேன்," என்றார் க்ளைட். "நான் வாயை மூடிட்டு நின்னிருக்கணும். என்னாலதான் போச்சு."

"என்ன போச்சு?"

"உனக்கு வர இருந்த பேரு," என்றார் டுவைட். "கடைசி ஆள்வரைக்கும் ஒருத்தனும் உன் பந்தை அடிக்கல. இந்த மனுஷன் ஒரு வார்த்தையில கவுத்துட்டாரு. அவர் வாயால வந்த வினை."

கோல்பி மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். உதட்டை இறுக்கினான். கண் இமைக்கவில்லை. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான். அதே பார்வைதான். ஆனால் இத்தனை பக்கத்தில் பார்க்கும்போது அவன் தோள் இரண்டும் அடக்கிய சிரிப்பில் குலுங்குவது க்ளைட்டுக்குத் தெரிந்தது.

"டுவைட் சார், நீங்கல்லாம் ரயிலுக்குப் பின்னாடி நின்னப்ப மொத ஆளே, மொத பந்தையே அடிச்சுட்டான்," என்றான் கோல்பி, வண்டிக் கதவைத் திறந்துகொண்டே. "அதுக்குத் தன்னந்தனியா உக்காந்து கை தட்டினது எங்க க்ளைட்தான்."