ஈரக் காக்கைச் சிறகு

ஹிபினோ துண்டைப் பார்த்தான். துண்டு கறுத்திருந்தது. கையிலிருந்த தகட்டைப் பார்த்தான். தகடு வெளுத்திருந்தது.

பெண் கேட்டு வந்த வீடு. சுமிரேயின் அப்பா தொகாஷி கென்ஸோ, கனஸாவா நகரத்துப் பழைய வாள் அணிகலன் ரசிகர் சங்கத்தின் தலைவர். வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே கோக்கும் ட்சுபா என்கிற வட்டத் தகட்டை அவர் கையில் கொடுத்தால் போதும், என்ன உலோகம், யார் பாணி என்று புட்டுப் புட்டு வைப்பார். பெண் கேட்டு வருகிறவனுக்கும் அதே பரீட்சைதான். போன தடவை வந்தவன் "இரும்புங்களா?" என்று கேட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனான்.

ஹிபினோ நன்றாகத்தான் எழுதியிருந்தான், அந்தப் பரீட்சையை.

"விளிம்பை மட்டும் பிடிங்க தம்பி. என்ன உலோகம்?"

"ஷகுதோ, ஐயா. செம்புல கொஞ்சம் தங்கம் கலந்தது."

"பாணி?"

"கோதோ பாணி. தளம் பூரா மீன் முட்டை மாதிரி புள்ளி, மேல தங்க டிராகன்."

எல்லாம் சுமிரே ரயிலில் உருப்போட வைத்தது.

"பலே! இந்தக் கறுப்பைப் பாருங்க. மழையில நனைஞ்ச காக்கா சிறகு! நூறு வருஷம் துடைச்சாலும் போகாது. என் மாமனார் வீட்டுச் சொத்து தம்பி. நான் வீட்டோட மாப்பிள்ளையா வந்தவன். என்னை நம்பிக் கொடுத்துட்டுப் போனார்."

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. பெரியவர் எழுந்து போனார். தகட்டில் தன் கட்டைவிரல் வியர்வை பதிந்திருப்பதை ஹிபினோ கண்டான். மரியாதையாகத்தான் துடைத்தான், கை துடைக்கக் கொடுத்த ஈரத் துண்டால். நூறு வருஷக் கறுப்பு ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது.

கறுப்பாக என்ன இருக்கிறது? மேஜையில் சுஷி, பக்கத்தில் சோயா சாஸ். சாப்ஸ்டிக் நுனியால் தொட்டுத் தடவினான். சாஸ் மீன் முட்டைப் புள்ளிகளுக்குள் இறங்கி, டிராகனின் வயிற்று வழியாக ஒழுகியது. அதைத் துடைக்கப் போய்ப் பின்பக்கமும் வெளுத்தது. பதறிப்போய் ஒரு சுஷியைச் சுற்றியிருந்த நோரி என்கிற கறுப்புப் பாசித்தாளை உரித்து மேலே ஒட்டினான். டிராகன் மதியச் சாப்பாட்டுக்குக் கட்டிய பொட்டலம் போல ஆயிற்று.

சுமிரே எட்டிப் பார்த்தாள்.

"என்ன, சாஸ் நாத்தம்... அடப்பாவி!"

"துடைச்சேன், சுமிரே. சும்மா லேசா."

"ஷகுதோன்னு சொல்லத்தானே சொன்னேன்? துடைக்கவா சொன்னேன்? ஐயோ, அப்பா வர்றார்! மென்னு முழுங்கு!"

"எதை, ட்சுபாவையா?"

"நோரியை!"

அவள் சமையலறைக்குள் மறைந்தாள். அவன் முழுங்கினான். பெரியவர் வந்து உட்கார்ந்தார், தகட்டை எடுத்தார், மோந்து பார்த்தார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஹிபினோ பாய் விரிப்பில் நெற்றி படக் குனிந்தான்.

"மன்னிச்சிடுங்க ஐயா. ஈரத் துண்டால துடைச்சிட்டேன். சுமிரே மேல கோபப்படாதீங்க. தப்பு முழுக்க என்னோடது."

கத்தல் வரவில்லை. நிமிர்ந்தால், பெரியவர் முகம் பேயறைந்தது போல இருந்தது. எழுந்து போய்த் தள்ளுகதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"மெதுவாப் பேசுங்க. ரெண்டு பக்கமும் வெளுத்துடுச்சா?"

சுவரில் தொங்கிய சித்திரச் சுருளுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். கறுப்பு பூட் பாலிஷ்.

"பொண்ணு கேட்டு வந்த அன்னைக்கு நானும் இதேதான் செஞ்சேன், இதே மாதிரி ஈரத் துண்டால. அன்னையிலேர்ந்து வருஷா வருஷம் பாலிஷ். அந்த பயத்துலதான் புஸ்தகம் படிக்க ஆரம்பிச்சேன். தலைவரா ஆக்கிட்டாங்க. ஊர்ல எல்லார் ட்சுபாவையும் உத்துப் பார்ப்பேன். இதை மட்டும் உத்துப் பார்க்கத் தைரியம் வரல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னை எங்க வீட்டுக்கே திருப்பி அனுப்பிடுவா! இதோ பாருங்க, பொண்ணு உங்களுக்குத்தான். ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

"எனக்கு எதுவுமே தெரியாது, மாமா."

"நல்ல பையன். டிராகன் காதுக்குப் பின்னால தேய்ங்க, மாப்பிள்ளை."

பளபளப்பு வர ஹிபினோ தன் காலுறையையே கழற்றிக் கொடுத்தான். முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து இருவரும் தேய்த்தார்கள். பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். ஹிபினோவுக்கும் அடக்க முடியவில்லை. சுமிரேயைப் பிடித்த அளவுக்கு இந்த மனிதரையும் பிடித்துப்போனது அவனுக்கு.

கதவு நகர்ந்தது. சுமிரேயின் அம்மா தொகிக்கோ தேநீர்த் தட்டோடு நின்றாள். கறுத்த நான்கு கைகளும் அப்படியே நின்றன. அவள் கறுத்த ஈரத் துண்டைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், காலுறையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஏங்க தலைவரே, அசல் ஷகுதோ எங்கயாவது ஈரத் துண்டுக்கு வெளுக்குமா? அது எங்க அப்பா காலத்துலேர்ந்து அரிசிப் பெட்டி அடியில பத்திரமா இருக்கு. இது, பொண்ணு கேட்டு வர்றவங்க கையில கொடுக்கறதுக்குன்னே அவர் சந்தையில வாங்கிப்போட்டது."