இடுப்பு மிதிக்கப்பட மாட்டாது

தொண்டூர்க்காரர் ஒருவரின் இடுப்பில் மூன்றாவது மிதி வைக்கும்போது பூபதியின் சொந்த இடுப்பில் ‘களுக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

மிதிபட்டவர் எழுந்து, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்து, “விட்டுடுச்சிப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மிதித்தவர் கயிற்றுக் கட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். அவரால் உட்காரவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை.

செஞ்சி பஜாரில் பூபதிக்குக் கயிறு, தார்ப்பாய், சாக்கு விற்கிற கடை. அது தொழில். காலால் பிறந்தது தலையெழுத்து. பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்த பிள்ளை, இடது காலால் மூன்று தரம் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று அந்தப் பக்கத்தில் நம்பிக்கை. அதற்குக் கை நீட்டி எதுவும் வாங்கக் கூடாது. வந்தவரைத் திருப்பி அனுப்பவும் கூடாது. ஐந்து வயதில் ஆரம்பித்தது, இப்போது நாற்பத்தெட்டு. வயலில் குனிந்து நிலக்கடலை பிடுங்குகிற மல்லாட்டைப் பருவம் வந்துவிட்டால் சுற்றுவட்டாரத்து இடுப்புகள் எல்லாம் கடை வாசலில் வந்து நிற்கும். ஒரே ஒரு நாள் யாரையும் மிதிக்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும் என்பதைத் தவிர பூபதிக்கு வேறு ஆசை கிடையாது.

“யார்னா காலால பொறந்தவங்களக் கூப்ட்டு மிதிக்கச் சொல்லு மாமா” என்றாள் மனைவி ரஞ்சிதம். அவள் அவருக்கு அத்தை மகள். கேலி செய்கிற உரிமை கூடவே பிறந்தது.

“ஊர்ல நான் ஒருத்தன்தான் இருக்குறேன். எனக்கு நானே மிதிச்சிக்கவா? இன்னும் முப்பது நாள்ல பூங்குழலி கல்யாணம். மணையில ஒரு மணி நேரம் சம்மணம் போட்டு ஒக்காரணும். இப்ப ஸ்டூல்லயே ஒக்கார முடியல.”

ரஞ்சிதத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. இருப்பது ஒரே மகள். அன்று மாலையே திண்டிவனம் சாலையில் முதுகெலும்புக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் யுவஸ்ரீயிடம் அவரை ஆட்டோவில் குறுக்காகப் படுக்க வைத்து அழைத்துப் போனாள்.

டாக்டர் அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லி, இரண்டு குதிகால்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

“ஒரு கால் கட்டையா தெரியுது சார். குறை கால்ல இல்ல, இடுப்பெலும்பு ஒரு பக்கம் ஏறித் திருகியிருக்கு. ஒரே கால்ல நிக்கிற வேலையா?”

“வேலை இல்ல மேடம். விதி.”

ரெக்சின் தைத்த இரண்டு ஆப்புக் கட்டைகளை எடுத்து, இடுப்புக்குக் கீழே வலது பக்கம் ஒன்றும் இடது பக்கம் ஒன்றுமாகச் செருகினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பூபதி காத்திருந்து பார்த்தார்.

“எப்ப மேடம் ஆரம்பிப்பீங்க?”

“ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு.”

“சொடக்குகூட எடுக்க மாட்டீங்களா?”

“மாட்டேன். உங்க உடம்பு வெயிட்டே ஆப்பு மேல மெதுவா எறங்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமா எடத்துக்கு வரும். நான் தள்ளினா தசை எதிர்த்துக்கிட்டு இறுகிடும். சும்மா விட்டா அதுவே தளரும்.”

நாற்பத்து மூன்று வருடம் மிதித்தவருக்கு இதைக் கேட்கக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த பத்து நிமிடத்தில் குறட்டை விட்டுவிட்டார். எழுந்தபோது வலி பாதியாகக் குறைந்திருந்தது.

“வாரம் ரெண்டு தரம் வாங்க. கல்யாணத்துல உக்காந்துடலாம்” என்றார் டாக்டர். “ஆனா ஒரு மாசத்துக்கு யாரையும் மிதிக்கக் கூடாது.”

மறுநாள் காலை கடை வாசலில் ஒரு அட்டை தொங்கியது: ‘ஒரு மாதத்துக்கு இடுப்பு மிதிக்கப்பட மாட்டாது.’

அதுவரை சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் தெரிந்திருந்த சங்கதி, பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. சீயமங்கலத்துக்காரர் ஒருவர் அட்டையைப் படித்துவிட்டுப் பாதி வழியில் இறங்கி வந்தார்.

“இங்க இடுப்பு மிதிப்பாங்களா?”

“மிதிக்க மாட்டோம்னுதான எழுதியிருக்குது?”

“அது ஒரு மாசத்துக்குத்தான? என் பேர இப்பவே எழுதிக்க.”

“ஏங்க, வலி இப்ப இருக்குதா இல்லையா?”

“இப்ப இல்ல. வரும்.”

அட்டையைக் கிழித்துப் போட்டார் பூபதி. மிதி இல்லாத வைத்தியத்தைத் தானே செய்துவிடலாம் என்று தோன்றியது. ஆசாரி தங்கராஜிடம் சொல்லி நான்கு ஜோடி ஆப்புகள் செதுக்கி வாங்கினார். வருகிறவரைக் குப்புறப் போட்டு, ஆப்பைச் செருகி, டாக்டரைப் போலவே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

மிதி என்றால் ஒரு நிமிடத்தில் ஆள் போய்விடுவான். இது பதினைந்து நிமிடம். தார்ப்பாய்க்கும் சாக்குக்கும் நடுவே வரிசையாக நான்கு பேர் தூங்கினார்கள். கயிறு எடுக்க ரஞ்சிதம் அவர்களைத் தாண்டித் தாண்டிப் போனாள். இடுப்பில் ஒன்றுமில்லாதவர்களும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தார்கள்.

“மாமா, இது கடையா சத்திரமா?” என்றாள் ரஞ்சிதம். “தாண்டித் தாண்டி எனக்கு இடுப்பு போயிடும் போலக்குது.”

பூபதி எல்லோரையும் டாக்டரிடமே அனுப்பினார். மாலைக்குள் திரும்பி வந்துவிட்டார்கள்.

“அந்தம்மா நல்லாத்தான் பாக்குறாங்க” என்றார் ஒருவர். “ஆனா மிதிக்க மாட்டேங்கிறாங்க. நீ மேல ஒரு தபா மிதிச்சி முடிச்சி வுட்டுடு.”

அதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வல்லத்திலிருந்து சம்பந்தியே வந்து இறங்கினார். மாப்பிள்ளையின் அப்பா செந்தமிழன், இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வந்தார்.

“பத்திரிகை வைக்கப் போன எடத்துல குனிஞ்சேன் சம்பந்தி. புடிச்சிக்கிச்சி.”

“கட்டை இருக்குது சம்பந்தி, படுத்தீங்கன்னா...”

“கட்டை எல்லாம் ஊர்க்காரனுக்குக் குடுங்க. எனக்கு மூணு மிதி.”

பெண்ணைக் கொடுக்கிறவன் எப்படி மறுப்பது? பூபதி மிதித்தார். சம்பந்தி நடந்து போனார். பூபதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“மறுபடியும் திருகிக்கிச்சு” என்றார் டாக்டர், ஆப்பைச் செருகிக்கொண்டே. “இன்னும் ஒரு தரம் காலைத் தூக்கினீங்கன்னா மணையில நீங்க படுத்துக்கிட்டுத்தான் தாரை வார்க்கணும்.”

குப்புறப் படுத்தபடியே பூபதி முடிவு செய்தார். இந்தக் காலின் பெருமையை ஒழித்தால்தான் மகளைக் கைப்பிடித்துக் கொடுக்க முடியும். காலால் பிறக்கவே இல்லை என்று ஒரு பொய் சொல்ல வேண்டியதுதான். அவர் சொன்னால் யார் நம்புவார்கள்? பிரசவம் பார்த்த மருத்துவச்சி சொன்னால் நம்புவார்கள். எண்பது தாண்டிய ரத்தினம்மாள் மேலச்சேரியில் மகள் வீட்டில் இருந்தாள். போனில் பிடித்தார்.

“நான் தலையாலதான் பொறந்தேன்னு நாலு பேர் எதிர்ல சொல்லிட்டுப் போம்மா. பொண்ணு கல்யாணம். உன் கால்ல வுழறேன்.”

“நாளைக்கு வண்டி அனுப்பு” என்றாள் கிழவி.

மறுநாள் கடையில் பதினாலு பேர் இருந்தார்கள். ரத்தினம்மாள் கைத்தடியை ஊன்றி நடுவில் வந்து நின்றாள். காது மந்தமானதால் அவள் பேச்சு எப்போதுமே உரக்க இருக்கும்.

“இந்தப் புள்ளைக்குப் பிரசவம் பாத்தவ நான். இவன் தலையாலதான் பொறந்தான். இவன் மிதியில ஒண்ணும் கெடையாது. போயி வேலையப் பாருங்க.”

சீயமங்கலத்துக்காரர் முதலில் எழுந்தார். மற்றவர்களும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார்கள். நாற்பத்து மூன்று வருடத்தில் முதல்முறையாக அவர்கள் பூபதியின் முகத்தைப் பார்த்தார்கள், காலைப் பார்க்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கிழவியின் காதருகே குனிந்தார். “பெரிய உபகாரம்மா. எனக்காவ இந்த வயசுல ஒரு பொய் சொல்லிட்ட.”

“பொய் எங்கடா சொன்னேன்?” என்றாள் ரத்தினம்மாள், தெருவுக்கே கேட்கும்படி. “ஒரே வாரத்துல உங்க வீட்ல ரெண்டு பிரசவம், உங்கம்மாவுக்கு ஒண்ணு, தாய் வீட்டுக்கு வந்திருந்த உங்க அத்தைக்கு ஒண்ணு. பொட்டப்புள்ள போயி ஊரான் இடுப்ப மிதிச்சா நல்லாருக்காதுன்னு உங்க நைனா மாத்திச் சொல்லிட்டாரு. காலால பொறந்தவ, அதோ கயிறு அளந்துக்கினு நிக்கிறாளே, அந்த ரஞ்சிதம்.”