ஜோதி ஸ்டோர்ஸ் வாசலில் நான் ஏன் உட்கார்ந்திருக்கிறேன்

பிள்ளைப்பாக்கம்,
வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய வசந்தகுமார் அண்ணனுக்கு, பெரியப்பா மகன் என்றாலும் கூடப்பிறந்தவராகவே உங்களை நினைத்துக்கொண்டிருக்கும் தங்கை லீலா வணக்கத்துடன் எழுதுவது. வாலாஜாபாத்தில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவும், உங்கள் உரக்கடை செழிக்கவும் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரரான உங்கள் மாப்பிள்ளையும் மகள் சுபஸ்ரீயும் சுகம் என்று எழுதுவது முறை. முறைக்கு எழுதிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

போன் இருக்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. சுபஸ்ரீயின் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்திருப்பதாக சுபஸ்ரீ சொன்னாள். தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது என்பதால் எழுதுகிறேன். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் உங்கள் கடையை ஜோதி என்பவனுக்கு வாடகைக்கு விட்டீர்களே, அவனை நான் பிழைக்க விடாமல் துரத்துகிறேன் என்று அவன் உங்களிடம் புகார் சொல்லியிருக்கிறான், நீங்களும் அதை நம்பி, "லீலாவுக்கு வேற வேலை இல்ல" என்று ஊரில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அண்ணே, எனக்கு வேலை நிறைய இருக்கிறது. கம்பெனிகளுக்கு நிலம் போன பிறகு மிச்ச மனையில் கட்டிய எட்டு அறைகளிலும் அங்கே வேலை செய்யும் தெற்கத்திப் பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் மோட்டார் போடுவதிலேயே எனக்குப் பாதி நாள் போய்விடும். அப்படிப்பட்டவள் ஒரு கடை வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் ஏன் என்று கேட்டிருக்க வேண்டாமா?

முதலில் ஜோதி நல்லவனாகத்தான் இருந்தான். டீ, பிஸ்கெட், தண்ணீர் பாட்டில், ரீசார்ஜ். என்னைப் பார்த்தால் கல்லாவை விட்டு எழுந்து நின்று "வாக்கா" என்பான். ஷிப்ட் முடிந்து வரும் பிள்ளைகள் அவன் கடையில் மொய்ப்பதைப் பார்த்து, டீ நன்றாக இருக்கும் போலிருக்கிறது என்று நானும் வாங்கிக் குடித்தேன். டீ மகா மட்டம். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

சித்திரையில் சுபஸ்ரீயைப் பெண் பார்க்க மறைமலை நகரிலிருந்து வந்தார்களே, அந்த இடம் ஏன் தட்டிப்போனது என்று நீங்கள் கேட்டீர்கள், நான் ஜாதகம் என்று சொன்னேன். ஜாதகம் இல்லை அண்ணே, சாக்லேட். அன்று மதியம் காபிக்குச் சர்க்கரை குறைகிறதென்று உங்கள் மாப்பிள்ளையைக் கடைக்கு அனுப்பினேன். ஜோதி போனில் பேசிக்கொண்டே சில்லறைக்குப் பதிலாக சாக்லேட் எடுத்துக் கொடுத்திருக்கிறான். மேலே இருந்த டப்பாவில் எடுக்காமல், பேச்சு மும்முரத்தில் அடியில் ஒளித்து வைத்திருந்த டப்பாவில் கையை விட்டுவிட்டான். இவரும் இனிப்பு என்றால் விடுவாரா, வரும் வழியிலேயே தின்றுவிட்டார். பையன் வீட்டார் வந்து உட்கார்ந்தபோது இவர் கல்லு மாதிரிதான் இருந்தார். உங்களுக்குத் தெரியுமே, கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியவர் இல்லை. அப்படிப்பட்ட மனுஷர், காபி வந்த நேரத்தில் திடீரென்று நிமிர்ந்து, பையனின் அப்பாவைப் பார்த்து, "சம்பந்தி, உங்க மீசை என்னையே பாத்துகினு கீது, அதுக்கும் ஒரு காபி குடுங்க" என்றார். எல்லோரும் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார்கள். அத்தோடு விட்டாரா? ஒரு போண்டாவைக் கையில் எடுத்து, "இன்னா உருண்டையா கீது பாரு, இத்தப் போய்க் கடிக்கச் சொல்றியே லீலா" என்று தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். பையனின் அம்மா எழுந்து, "பட்டப்பகல்ல குடிச்சிட்டு கீற வூட்லயா பொண்ணு எடுக்கறது?" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள். போண்டாவைத் தவிர மற்ற எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். சுபஸ்ரீ மட்டும், "அப்பா ஒண்ணும் தப்பா சொல்லலமா, அந்த மீசை என்னையும்தான் பாத்துது" என்றாள்.

இவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். இவர் சட்டைப்பையிலிருந்து அந்தச் சாக்லேட் காகிதத்தை எடுத்து, "இது மட்டும்தான்" என்று பத்திரமாக நீட்டினார். டாக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது கஞ்சா கலந்ததும்மா, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். என் அண்ணன் கடையில் என்று எந்த வாயால் சொல்வேன்? எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்ததும் கடைக்குப் போய் ஜோதியைக் கேட்டேன். யாரோ வைத்துவிட்டுப் போன டப்பா, இனி நடக்காது என்று கையெடுத்துக் கும்பிட்டான். குடும்ப மானம், உங்கள் கடை, வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆடி மாதம் ஒரு காலை. எங்கள் மூன்றாவது அறை மாரிமுத்துவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், நாங்குநேரிப் பக்கத்துப் பையன், பிரஸ் மெஷினில் வேலை, கம்பெனி பெயர் வேண்டாம். ஷிப்ட் முடிந்து வந்தவன் குளிக்கப் போனான். தண்ணீர் கொட்டுகிற சத்தம் நிற்கவே இல்லை. தண்ணீரை வீணாக்குகிறானே என்று திட்டத்தான் அண்ணே நான் மாடி ஏறினேன். கதவைத் தட்டினேன், பதில் இல்லை. அம்மிக்குழவியை எடுத்து வந்து தாழ்ப்பாளை உடைத்தேன். குழாயடியில் கிடந்தான். உதடு நாவற்பழம் தின்றவன் உதடு போல இருந்தது. மூச்சு வருகிறதா என்று பார்க்க நான் காதை வைத்தேன், எவ்வளவு நேரம் கழித்து ஒரு மூச்சு வந்தது தெரியுமா? அந்த ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் கும்பிடாத சாமி இல்லை. உங்கள் மாப்பிள்ளை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். இன்னும் சற்று விட்டிருந்தால் பொட்டலமாகத்தான் ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்றார்கள்.

கண் விழித்ததும் அவன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கை வலிச்சா மெஷின்ல வேகம் கொறையுங்க்கா. கொறைஞ்சா சூப்பர்வைசர் வேற ஆள நிறுத்திருவாரு. ஜோதியண்ணன்தான் ஒரு மாத்திரை குடுத்தாரு, வலியே தெரியல. பொறவு ஒண்ணு ரெண்டாச்சு. இப்ப அது இல்லன்னா கையே தூக்க முடியலக்கா." டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாத மாத்திரையாம் அது. ஜோதி டீயோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறான். மாரிமுத்துவுக்கு வேலை போய்விட்டது. அவன் அம்மா உலகம்மாள் ஊரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் நானும் சமாளித்திருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பீடிகூடத் தொடாத புள்ள தாயி. வீட்டுக்காரம்மா நல்லவுங்க, பாத்துக்கிடுவாங்கன்னு சொன்னான், அந்த தைரியத்துலதான் விட்டேன்" என்றாள். அண்ணே, நான் தண்ணீர் மோட்டாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேராக ஜோதியிடம் போனேன். இந்த முறை அவன் எழுந்து நிற்கவில்லை. "யக்கா, ஓவரா பண்ணாத. நான் இன்னா அவன் வாயத் தொறந்தா போட்டேன்? கேட்டான், குடுத்தேன். நான் விக்கலன்னா இன்னொருத்தன் விக்கப் போறான். ஓனரே கம்முனு கீறாரு, உனுக்கு இன்னா வந்துச்சி?" என்றான். எனக்கு என்ன வந்தது என்று அன்று முழுக்க யோசித்தேன். மறுநாள் காலை ஒரு ஸ்டூலையும் ஒரு கட்டு முருங்கைக்கீரையையும் எடுத்துக்கொண்டு போய் அவன் கடை வாசலில் உட்கார்ந்தேன். அவனை ஒன்றும் சொல்லவில்லை, ரோடு அரசாங்கத்தின் ரோடு. பஸ் ஏற வந்தவனோ இறங்கியவனோ, கடைக்கு வருகிற ஒவ்வொரு பையனிடமும், "இன்னா ஊருபா உனக்கு? அம்மா நம்பர் சொல்லு" என்று மட்டும் கேட்டேன். அண்ணே, போலீசைக் கண்டால்கூடப் பிள்ளைகள் அப்படி ஓடியிருக்க மாட்டார்கள். ஒருவன் பதற்றத்தில் அவன் சூப்பர்வைசர் நம்பரைச் சொல்லிவிட்டான். ஒருவன் தானே அம்மாவுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டான், அந்த அம்மாவும் நானும் கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் அவன் பஸ் போய்விட்டது. நாலு நாளில் தெருப் பெண்கள் எல்லாம் ஆளுக்கொரு கீரைக்கட்டோடு வந்துவிட்டார்கள். இந்தத் தெருவில் இப்போது கீரை தவிர வேறு குழம்பே கிடையாது, வீட்டுப் பிள்ளைகள் எங்களைச் சபிக்கிறார்கள்.

பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். "யக்கா, வூட்டுக்குப் போ. இல்லன்னா போறதுக்கு வூடு இருக்காது" என்றான் ஒருவன். பொய் சொல்ல மாட்டேன், பயத்தில் கீரையோடு விரலையும் கிள்ளிக்கொண்டேன். உங்கள் மாப்பிள்ளை எங்கிருந்துதான் வந்தாரோ, இன்னொரு ஸ்டூலைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டார். "நானும் குந்தறேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார். சாக்லேட் எதுவும் சாப்பிடாமல் பேசினார். மறுநாள் எங்கள் தண்ணீர்த் தொட்டிக் குழாயை யாரோ உடைத்துவிட்டார்கள். எட்டு அறைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் அறையைக் காலி செய்துவிடுவார்களோ என்று பயந்தேன். ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் எல்லோரும் கீழே வந்து, பிட்டரும் வெல்டருமாகச் சேர்ந்து குழாயை முன்னைவிடக் கெட்டியாக மாட்டிவிட்டுப் போனார்கள்.

அண்ணே, நான் எழுந்திருக்கப் போவதில்லை. மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு உட்காருவேன். ஆனால் கடை நம் குடும்பத்துக் கடை. போலீஸ் வந்து பூட்டுவதைவிட நீங்களே வந்து அவனைக் காலி செய்யச் சொன்னால் உங்கள் தலை நிமிர்ந்து இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போலீசுக்குப் போக மாட்டேன், அண்ணியிடமும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இது பெருமாள் மேல் சத்தியம். நீங்கள் வந்து உங்கள் வாயால் அவனிடம் "கிளம்பு" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தத் தெருவே காத்திருக்கிறது.

பெரியவர்களுக்கு நமஸ்காரமும், பிள்ளைகளுக்கு என் அன்பும் ஆசியும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு, உங்களை இன்னும் நம்பியிருக்கும்
லீலா ராஜாமணி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன்னால், ஸ்ரீபெரும்புதூர் வந்த அண்ணி என்னைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வீட்டுக்கு வந்தார். நான் காபி போட உள்ளே போனேன், திரும்பி வருவதற்குள் கடிதத்தைப் படித்துவிட்டார். நான் சத்தியத்தைச் சொன்னேன். "நீ வாயத் தொறக்கல, நான்தான் படிச்சேன். பத்திரம் என் பேர்ல கீது, இவரு யாருக்கு விட்டாருன்னே எனக்குத் தெரியாது, கெளம்பு" என்று ஸ்டேஷனுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார். புகாரில் அவர்தான் கையெழுத்துப் போட்டார், நான் போடவில்லை. கடையில் ஐஸ்பெட்டிக்குள் பால் பாக்கெட்டுக்கு அடியில் எல்லாம் இருந்தது. ஜோதியை ஜீப்பில் ஏற்றியாகிவிட்டது, கடைக்கு சீல் வைத்தாகிவிட்டது, ஹெல்மெட்காரர்களைத் தேடுகிறார்கள். யாருக்கு விட்டீர்கள், ஏன் சும்மா இருந்தீர்கள் என்று உங்களையும் விசாரிக்க வருவார்கள், சட்டை மாற்றி ரெடியாக இருங்கள். அண்ணி இப்போதைக்கு இங்கேதான் இருப்பதாகச் சொல்கிறார், அவர் பிரஷர் மாத்திரையையும் நாலு சேலையையும் கொடுத்தனுப்பவும். மாரிமுத்து ஆஸ்பத்திரியிலேயே இருந்து அந்தப் பழக்கத்தை விட சம்மதித்துவிட்டான், உலகம்மாள் கூட இருக்கிறாள். பால் சொசைட்டிப் பக்கத்தில் இதே வியாபாரம் இன்னொரு கடையில் நடக்கிறதாம். அந்தக் கட்டடத்துக்கு ஓனர் யார் என்று விசாரித்துவிட்டோம். அவருக்கும் மனைவி இருக்கிறாராம்.