ரெண்டாவது பெட்டி

வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பதில் மாதேஸ்வரனுக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தத் தைரியத்தில்தான், மச்சினி வீட்டுக் காதுகுத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் காவிரிக்கரை ஜேடர்பாளையம் போய் மீன் வறுவல் தின்பது என்று முடிவெடுத்தான். அவன் இல்லாமல் கார் நகராது. கார் நகராமல் மனைவி அன்புச்செல்வி எப்படிப் போவாள்?

நாமக்கல் கோழித்தீவனக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை அவன் பொறுப்பு. ஞாயிறு காலையில் சட்டையை மாட்டினான்.

"ஆபீஸ் நெட்டுக்குக் காவலா ரெண்டாவது ஃபயர்வால் பொட்டி மாட்டறம். நான் இல்லாம ஆகாது."

"ஒண்ணு காவலுக்கு இருக்கறப்ப ரெண்டாவது எதுக்குங்க?"

அதை வியாழனன்றே மாட்டியாயிற்று. ஆனால் கேள்வி வந்ததும் மாதேஸ்வரன் தன்னை மறந்தான்.

"ரெண்டாவது பொட்டி சும்மாதான் இருக்கும். ஆனா மொதப் பொட்டிக்குத் தெரிஞ்சதெல்லாம் அதுக்கும் தெரியும். மொதப் பொட்டி, 'உசுரோட இருக்கறன், உசுரோட இருக்கறன்'னு சொல்லிட்டே இருக்கோணும். மூணு தடவ சத்தமில்லைன்னா ரெண்டாவது எடுத்துக்கும். நானே ஒயரப் புடுங்கிப் பாத்தன் அன்பு. வீடியோவுல பேசிட்டிருந்தாங்க, படம்கூட நிக்கல. ஒருத்தருக்கும் தெரியல. எனக்கு மெய்சிலிர்த்துப் போச்சு."

"மொதப் பொட்டி திரும்பி வந்தா?"

"ஓரமாக் காத்துட்டிருக்கும். நாமளா மாத்துனாத்தான் உண்டு."

"சரி, போய்ட்டு வாங்க," என்றாள் அன்புச்செல்வி. இவ்வளவு சுலபமா என்று அவனுக்கே ஆச்சரியம்.

ஆற்றில் குளித்து, மீனை முள்ளோடு மென்று, சாயங்காலம் பைக்கில் திரும்பினான். வாசலில் காரைக் காணோம். போனை எடுத்தால், காலை ஒன்பது மணிக்கு அவள் கூப்பிட்ட மூன்று அழைப்புகள்.

அப்போது சந்தில் கார் திரும்பியது. அவன் தினமும் உரசுகிற தூணுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரே ரிவர்ஸில் வந்து நின்றது. இறங்கியவள் அன்புச்செல்வி. வியாழனன்று போலவே அவனுக்கு மெய்சிலிர்த்தது.

"எப்பக் கத்துக்கிட்ட?"

"லைசென்சு எடுத்தே ஆறு மாசமாச்சுங்க. மூணு தடவ கூப்பிட்டன், சத்தமில்ல. எடுத்துக்கிட்டன்."

சாவிக்குக் கை நீட்டினான். அது அவள் கைப்பைக்குள் போனது.

"ஓரமா நில்லுங்க. மீன் வாசம் தூக்குது."

மாதேஸ்வரனுக்குக் கடைசியாக ஒரே ஒரு நப்பாசை.

"காதுகுத்துல என்னையத் தேடியிருப்பாங்களே?"

"இல்லைங்க. ஒருத்தருக்கும் தெரியல."