கெண்டைக்கு ஏழு நிர்வாகிகள்

சென்ற ஆண்டு ஹங்கேரியில் நடைபெற்ற அனைத்துலகக் கெண்டை மீன்பிடிப் போட்டிக்கு, ஜாலான் புசார் தூண்டில் சங்கம் ஒன்பது பேர் கொண்ட அணியை அனுப்பிவைத்தது. அவர்களில் இரண்டு பேருக்கு மீன் பிடிக்கத் தெரியும்.

ஒருவர் ஜரீனா, சுவா சூ காங்கில் பாலர் பள்ளி ஆசிரியை. தேக்கா சந்தையில் வாங்கிய பெருங்காயத்தைச் சோளமாவில் பிசைந்து அவர் உருட்டும் இரைக்கு மயங்காத கெண்டை கிடையாது. மற்றவர் சுரேந்தர், குவீன்ஸ்டவுனில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். தண்ணீரில் ஓர் இடத்தைக் காட்டினால், நூறு முறை வீசினாலும் அவர் தூண்டில் அங்கேதான் விழும்.

மீதி ஏழு பேர் நிர்வாகம். தலைவர் ராமலிங்கம் சுத்த சைவம். ஆகவே மீன் விஷயத்தில் நடுநிலை தவறாதவர்.

வெற்றிபெறும் அணிகளின் ரகசியத்தைக் கண்டறிய இந்த ஏழு பேரும் அதற்கு முந்தைய ஆண்டே ஐரோப்பா சுற்றிவந்து, எண்பது பக்க அறிக்கை சமர்ப்பித்திருந்தார்கள். அதன் சாரம்: வெல்லும் அணிகள் கரையில் சத்தம் போடுவதில்லை. உடனே முத்துசாமி என்பவர் அமைதி அலுவலராக நியமிக்கப்பட்டார். அவருக்கு ஒரு விசில் வழங்கப்பட்டது.

போட்டி மூன்று நாள். பிடித்த மீனை எடைபோட்டு ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். மொத்த எடைதான் கணக்கு.

முதல் நாள் காலை, "சுரேந்தர், கொஞ்சம் இடப்பக்கம்," என்று ஜரீனா கிசுகிசுத்தார். முத்துசாமி விசில் ஊதினார். அங்கிருந்த கெண்டைகள் போலந்து அணியின் பக்கம் குடிபெயர்ந்தன.

"விசில் ஊதாதீங்க லா சார்! மீன் ஓடுது!"

"நீங்க பேசினதாலதாம்மா ஊதினேன். இப்பவும் பேசுறீங்க." மறுபடியும் ஊதினார்.

இரண்டாம் நாள் சுரேந்தரின் தூண்டிலில் பெரிய மீன் ஒன்று மாட்டியது. கோல் வில்லாக வளைந்தது. ராமலிங்கம் கையை உயர்த்தினார்.

"தம்பி, இழுக்காதீங்க. படம் எடுக்கணும். பேனர் வரட்டும்."

"சார், இது மீன். சிறப்பு விருந்தினர் இல்ல. காத்திருக்காது!"

பேனர் வந்தது. மீன் போயிருந்தது. ஆண்டு விடுப்பு முழுவதையும் இதற்கென்றே எடுத்திருந்த சுரேந்தர், சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜரீனாவுக்கு அழுகை முட்டியது. அழவில்லை, அதற்கும் விசில் உண்டு.

மூன்றாம் நாள் கடவுள் கண் திறந்தார். அவ்வூர் நகரமன்றம் எல்லா நாட்டு நிர்வாகிகளுக்கும் விருந்து வைத்தது. ஏழு பேரும் பஸ் ஏறினார்கள். ஜரீனா கண்ணால் காட்டினார், சுரேந்தர் வீசினார். மாலைக்குள் பதினொரு கெண்டைகள். இருபத்தாறு அணிகளில் மூன்றாம் இடம்!

ஊர் திரும்பியதும் சங்கம் இரண்டாவது அறிக்கையை வெளியிட்டது: "மீன் விழுந்த நாளில் நிர்வாகிகள் விருந்தில் இருந்தனர். ஆகவே வெற்றிக்குக் காரணம் விருந்து. அடுத்த ஆண்டு பதினான்கு நிர்வாகிகள் செல்வர். மூன்று நாளும் விருந்து நடைபெறும்." விண்ணப்பங்கள் வரவேற்கப்பட்டன.

ஒரு சனிக்கிழமை சங்கத்தின் படிக்கட்டில் ஜரீனாவும் சுரேந்தரும் எதிர்ப்பட்டார்கள். இருவர் கையிலும் விண்ணப்ப உறை.

"தூண்டில் இடத்துக்குத்தானே அக்கா?"

"இல்ல தம்பி. விருந்து நிர்வாகி. சேத்துல உட்கார்ந்தது போதும். நீங்க?"

சுரேந்தர் உறையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "நானும் அதுக்குத்தான்கா."

நிர்வாகி பதவிகளுக்கு இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள் வந்துள்ளன. தூண்டில் வீசும் இரண்டு இடங்களுக்கு ஒன்றுகூட இல்லை. கடைசித் தேதி நீட்டிக்கப்பட்டிருக்கிறது.